வேலையிடத்துல பாதுகாப்பு: முதலாளிக்கு சட்டம் என்ன சொல்லுது? கேள்வி பதில்

ஃபேக்டரி, கட்டட சைட் ரெண்டுலயும் சேஃப்டி ஆபீசரா வேலை பாக்குறவ நான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால நம்பர் சொல்ற இடத்துல எந்த நாட்டோடதுன்னு சொல்லிடுறேன். ஆனா அடிப்படை எங்க போனாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வேலைய யாரு கட்டுப்படுத்துறாங்களோ அந்த வேலையோட ஆபத்தை அடக்குற கடமையும் அவங்களோடதுதான். கேள்விகளை வந்த வரிசையிலயே எடுத்துக்கிறேன்.

கேள்வி: மேடம், என் லேத் பட்டறையில என்னையும் சேத்து ஆறு பேர்தான். சேஃப்டி சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?

பதில்: இல்ல சார், ஆள் எண்ணிக்கைய வச்சு பெரும்பாலும் மாறுறது பேப்பர் வேலைதான். பிரிட்டன்ல 1974-ஆம் வருஷத்து வேலையிட பாதுகாப்பு சட்டப்படி வேலைக்கு 5 பேர் இருந்தா சேஃப்டி பாலிசிய எழுத்துல வைக்கணும், அதுக்குக் கீழன்னா எழுத வேண்டாம், ஆனா ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பாதுகாப்பான மெஷின், பாதுகாப்பான முறை, பயிற்சி, மேற்பார்வை இதெல்லாம் குடுக்குற கடமை அப்படியே நிக்கும். சில நாட்டுல சட்டமே இத்தனை பேருக்கு மேலன்னுதான் ஆரம்பிக்கும், உண்மைதான், ஆனா சக்குல, அதாவது இரும்பைப் பிடிச்சு சுத்துற பாகத்துல, சட்டைக்கை சிக்குனா என்ன ஆகும்ங்கிறது ஆள் எண்ணிக்கையப் பொறுத்தது இல்லையே. இன்னிக்கே போய்ப் பாருங்க: சக்குக்கு கார்டு, அதாவது தடுப்பு மூடி, இருக்கா, எமர்ஜென்சி ஸ்டாப் கை எட்டுற தூரத்துல இருக்கா, அழுத்துனா நிக்குதா, யாராவது கிளவுஸ் போட்டுக்கிட்டு லேத் ஓட்டுறாங்களா. கிளவுஸ் பாதுகாப்புன்னு நிறைய பேர் நம்புறாங்க, சுத்துற மெஷின்ல அது நேர் எதிர், ஒரு நூல் மாட்டுனாப் போதும் கையோட உள்ள இழுத்துடும்.

கேள்வி: சட்டத்துல "நியாயமா முடிஞ்ச அளவுக்கு"ன்னு வருது. எங்க பட்ஜெட்டுக்கு முடிஞ்ச அளவுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: கூடாது. 1949-ல பிரிட்டன்ல ஒரு நிலக்கரி சுரங்க வழக்கு, சுரங்கப் பாதையில முட்டுக்குடுக்காத பகுதி சரிஞ்சு ஒரு தொழிலாளி செத்துட்டார். அதுல கோர்ட் சொன்ன கணக்குதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ஒரு பக்கம் ஆபத்து, இன்னொரு பக்கம் அதைத் தடுக்க ஆகுற செலவு, நேரம், சிரமம். செலவு ஆபத்தை விட கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் செஞ்சுதான் ஆகணும், ஆபத்தோட ஒப்பிட்டா செலவு படுமோசமா எகிறுனாத்தான் விடலாம். இதுல உங்க பேங்க் பேலன்ஸ் கணக்குல வராது. இன்னொண்ணு, பிரிட்டன் சட்டப்படி "இதுக்கு மேல நியாயமா முடியாது"ன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி, தப்பு நடந்துச்சுன்னு தொழிலாளி முழுசா நிரூபிச்சுக் காட்டணும்னு இல்ல.

கேள்வி: காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அடிபட்டா கம்பெனி பொறுப்பில்லன்னு அக்ரிமெண்ட்ல எழுதி கையெழுத்து வாங்கியாச்சு. போதும்தானே?

பதில்: போதாது. அந்த அக்ரிமெண்ட் நஷ்டஈட்டுப் பணத்த ரெண்டு கம்பெனியில யாரு கட்டுறதுங்கிறதுக்கு வேணா உதவும், கிரிமினல் பொறுப்ப கையெழுத்து போட்டு வேற ஒருத்தர் தலையில கட்ட முடியாது. பிரிட்டனோட அதே 1974 சட்டத்துல மூணாவது பிரிவே தன் சம்பளப் பட்டியல்ல இல்லாதவங்களுக்கும் ஆபத்து வராம பாக்கணும்னு சொல்லுது. ஒங்க கூரை, ஒங்க கரண்ட் லைன், ஒங்க டேங்க். எந்த ஷீட் இத்துப்போயிருக்கு, எந்த லைன்ல கரண்ட் ஓடுதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும், கூரை மேல ஏறுற பையனுக்குத் தெரியாது, அதை அவன் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லணும்.

கேள்வி: ஷூ, ஹெல்மெட்டுக்கு சம்பளத்துல பிடிக்கிறாங்க மேடம், சரியா?

பதில்: தப்பு தம்பி. ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1981-ஆம் வருஷத்து 155-ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பு நடவடிக்கைக்கு தொழிலாளி கிட்ட ஒரு காசும் வாங்கக்கூடாதுன்னு நேராவே சொல்லுது. ஒங்க நாட்டு சட்டத்துல இது எந்தப் பிரிவுல வருதுன்னு பாத்து எழுதிக் குடுங்க.

கேள்வி: கல் கட்டிங் யூனிட். எல்லாருக்கும் மாஸ்க் குடுத்தாச்சு, போடலன்னா அது அவங்க தப்புதானே?

பதில்: மாஸ்க்ல ஆரம்பிக்கிறதே தப்பான முனைல ஆரம்பிக்கிறது. சட்டமும் இன்ஸ்பெக்டரும் எதிர்பார்க்கிற வரிசை வேற: முதல்ல அந்த ஆபத்தையே இல்லாம பண்ண முடியுமா, இல்லன்னா ஆபத்து கம்மியான பொருளுக்கு மாறலாமா, அதுவும் முடியாட்டி மெஷின் பக்கம் ஏதாவது செய்யலாமா, அப்புறம் வேலை நேரம், முறை மாத்துறது, கடைசியா பிபிஇ, அதாவது மாஸ்க், ஹெல்மெட் மாதிரி உடம்புல போட்டுக்கிற பாதுகாப்பு. கல் வெட்டும்போது கண்ணுக்குத் தெரியுற தூசி தரையில படிஞ்சுடும், நுரையீரல் அடி வரைக்கும் போற சிலிக்கா தூசி கண்ணுக்கே தெரியாம காத்துல நின்னுக்கிட்டு இருக்கும், அதனால "இங்க தூசியே இல்லையே"ங்கிற பேச்சை நான் ஏத்துக்கிறதே இல்ல. பிளேடு மேல தண்ணி விழுற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, வெட்டுற இடத்துலயே தூசிய உறிஞ்சுற எக்ஸ்ட்ராக்ஷன் போடுங்க, தரையப் பெருக்க விடாதீங்க, காஞ்ச தூசி திரும்ப எழும்பும். இந்தத் தூசியால வர்ற நுரையீரல் நோயான சிலிகோசிஸ் வந்துட்டா நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. செயற்கைக் கல் பலகைய வெட்டுற இளவயசுப் பசங்களுக்கே இந்த நோய் வந்ததப் பாத்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-லேருந்து அந்தக் கல்லையே தடை பண்ணிடுச்சு. வரிசையில முதல் படின்னா அதுதான்.

கேள்வி: மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் நான். டேங்க்குள்ள விழுந்த ஒரு நட்டை எடுக்கணும், ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கும் பர்மிட், அதாவது உள்ள இறங்க எழுத்துல அனுமதி, போட்டு அரை நாள் வீணாக்கணுமா மேடம்?

பதில்: ஆமா. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீளமாவே பதில் சொல்லப்போறேன்.

மூடிக் கிடந்த இரும்பு டேங்க்குல துரு பிடிக்கும்போதே உள்ள இருக்குற ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமா குறையும், வேற எந்த கேஸும் வர வேண்டாம். நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம், அமெரிக்காவோட வேலையிட பாதுகாப்புத் துறையான ஓஷா விதிப்படி 19.5-க்குக் கீழ போனாலே அது ஆபத்தான காத்து, 23.5-க்கு மேல போனா சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால காத்து வரட்டும்னு ஆக்சிஜன் சிலிண்டரத் திறந்து விடுறதும் கூடாது. கழிவு டேங்க்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகுன முட்டை வாடை வந்தா தெரிஞ்சிடும்னு சொல்வாங்க, 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு) கிட்ட போனா மூக்கே மரத்துடும், வாடை போயிடுச்சு கேஸ் போயிடுச்சுன்னு நினைச்சு இறங்குறவன் அப்படியே விழுவான். அது காத்தை விட கனம், அடியில தங்கும். அதனால கேஸ் அளக்குற மீட்டரை டேங்க் மூடி பக்கத்துல மட்டும் காட்டிட்டு எடுத்துடாம மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் பாக்கணும், உள்ள ஆள் இருக்குற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும்.

அப்புறம் டேங்க்குக்கு வர்ற பைப் லைன், மிக்சர் மோட்டார். ஸ்விட்ச் ஆஃப் பண்ணுனா பத்தாது, பூட்டு போடணும், உள்ள இறங்குறவன் பூட்டு, அவன் சாவி, அவன் பாக்கெட்லயே. வெளிய ஒருத்தர் நிக்கணும், அவருக்கு வேற எந்த வேலையும் குடுக்கக்கூடாது, "டீ வாங்கிட்டு வா"ன்னு கூட அனுப்பக்கூடாது. உள்ள இருக்குறவரு ஹார்னஸ் (உடம்பைப் பிடிக்கிற பெல்ட்) போட்டிருக்கணும், அதோட கயிறு மேல ட்ரைபாட்ல, அதாவது முக்காலி ஸ்டாண்டுல, இருக்கணும், ஏன்னா விழுந்தவர வெளிய நின்னபடியே தூக்கணும். ஒருத்தர் விழுந்தா காப்பாத்தப் போறேன்னு அடுத்தவர் இறங்குவாரு, அவருக்குப் பின்னாடி அவர் தம்பி. ஒரே குழியில மூணு நாலு பேர்னு செய்தி வருதே, அது இப்படித்தான் நடக்குது. வெளிய நிக்கிறவர் கிட்ட "என்ன ஆனாலும் நீ இறங்கக்கூடாது"ன்னு அன்னிக்கே முகத்தப் பாத்து சொல்லுங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு கேளுங்க, காந்தத்தை கயிறு கட்டி விட்டு அந்த நட்டை மேலருந்தே எடுக்க முடியாதா?

கேள்வி: அக்கா, ஆபத்துன்னு தெரிஞ்சா வேலை செய்ய மாட்டேன்னு சொல்லலாமா? வேலைய விட்டுத் தூக்கிட்டா?

பதில்: சொல்லலாம்மா. நான் சொன்ன அதே 155-ஆம் உடன்படிக்கையில, உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நம்ப நியாயமான காரணம் இருந்து ஒதுங்குறவங்களைப் பழிவாங்கக்கூடாதுன்னு இருக்கு. 2022-ல பாதுகாப்பான வேலையிடத்தையே ஐஎல்ஓ அடிப்படை உரிமைகள்ல சேத்துடுச்சு. ஆனா செய்ற முறை முக்கியம், கோவத்துல வீட்டுக்குப் போயிடாத. சூப்பர்வைசர் கிட்ட "இன்ன மெஷின்ல இன்ன கார்டு இல்ல, சரி பண்ணுங்க, அது வரைக்கும் வேற வேலை குடுங்க"ன்னு சொல்லு, அதையே மெசேஜாவும் அனுப்பு, அங்கேயே இரு. முடிஞ்சா தனியா சொல்லாத, சேஃப்டி கமிட்டி பிரதிநிதியோ யூனியனோ இருந்தா கூட கூட்டிக்கோ.

பங்களாதேஷ்ல ராணா பிளாசா, 2013 ஏப்ரல் 24. முந்தின நாளே தூண்ல விரிசல் தெரிஞ்சது, அதே கட்டடத்துல இருந்த பேங்க்கையும் கடைகளையும் மூடிட்டாங்க, கார்மெண்ட்ஸ் ஆளுங்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச்சொன்னாங்க, 1,100-க்கும் மேல செத்தாங்க. உள்ள போகவே தயங்கினவங்க அவங்க, அந்தத் தயக்கத்துக்கு மதிப்பு குடுக்க அங்க யாரும் இல்ல. அதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

கேள்வி: திருட்டுக்குப் பயந்து பின்பக்க எமர்ஜென்சி கதவைப் பூட்டி வச்சிருக்கோம், சாவி வாட்ச்மேன் கிட்ட.

பதில்: இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள திறந்துடுங்க. 1911-ல நியூயார்க் டிரையாங்கிள் ஃபேக்டரி தீயில 146 பேர் செத்தாங்க, அங்கயும் கதவு பூட்டியிருந்துச்சு, அங்கயும் திருட்டு பயம்தான் காரணம் சொன்னாங்க. உள்ளருந்து தள்ளுனா திறக்குற பார் வச்ச கதவு போடுங்க, திறந்தா அலாரம் அடிக்கிற மாதிரி வைங்க, திருட்டுக்கும் அதுவே போதும்.

கேள்வி: எச்ஆர்ல இருக்கேன். விபத்து நடந்தா எத்தனை நேரத்துக்குள்ள சொல்லணும்? சின்ன அடின்னா?

பதில்: அமெரிக்காவுல உயிர் போனா 8 மணி நேரம், ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாலோ உறுப்பு போனாலோ கண் போனாலோ 24 மணி நேரம். பிரிட்டன்ல 7 நாளுக்கு மேல வேலைக்கு வர முடியலன்னா 15 நாளுக்குள்ள, மரணமும் பெரிய காயமும்னா தாமதமே இல்லாம. ஒங்க நாட்டு கணக்கை இப்பவே பாத்து செவுத்துல ஒட்டிடுங்க, விபத்து அன்னிக்குத் தேடுனா கை நடுங்கும். முதல்ல ஆளைக் காப்பாத்துங்க, மெஷினைப் பூட்டுங்க, மத்ததை நகத்தாதீங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாருன்னு மாத்தி எழுதச் சொன்னா எழுதாதீங்க, பொய்க் கணக்கு எழுதுறது தனி குற்றம், அதுல ஒங்க கையெழுத்து இருக்கும்.

கேள்வி: வேலையிட பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 சர்டிபிகேட் இருக்கு. இன்ஸ்பெக்டர் வந்தா அதைக் காட்டுனா போதுமா?

பதில்: அது நீங்களா விரும்பி எடுக்குற தரச்சான்று, சட்டத்துக்கு மாற்று கிடையாது. இன்ஸ்பெக்டர் கேக்குறது ரிஸ்க் அசெஸ்மெண்ட், மெஷின் செக்கிங் ரிப்போர்ட், கெமிக்கல்னா 16 பகுதி இருக்குற டேட்டா ஷீட், விபத்து ரெஜிஸ்டர், ட்ரெயினிங் ரெக்கார்டு. நான் பாத்த வரைக்கும் நல்ல இன்ஸ்பெக்டர் ஃபைலை அஞ்சு நிமிஷம் புரட்டிட்டு நேரா ஷாப்ஃப்ளோருக்குப் போய், ட்ரெயினிங் ஷீட்ல கையெழுத்து போட்ட ஒருத்தரக் கூப்பிட்டு "இதை எப்படி நிறுத்துவீங்க?"ன்னு கேப்பாரு. அவரு முழிச்சா அந்த ஷீட்டுக்கு மதிப்பில்ல. வேற மொழி பேசுற ஆளுங்க இருந்தா அவங்க மொழியிலயே சொல்லிக்குடுங்க, சொன்னதைத் திருப்பி செஞ்சு காட்டச் சொல்லுங்க, அதுக்கப்புறம் கையெழுத்து வாங்குங்க.