கல்லூரியில் 5,000 யார்டு எறிந்தவர் என்.எஃப்.எல்.லில் நிற்பாரா?

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் நண்பர்களோடு அமெரிக்க ஃபுட்பாலில் டைனஸ்டி ஃபேன்டஸி லீக் ஆடுகிறோம்: நிஜ வீரர்களைக் கற்பனை அணியில் சேர்த்து, அவர்கள் ஆட்டத்தை வைத்துப் புள்ளி எடுப்போம், எடுத்தவரை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்வோம். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்ததும் கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை நாங்களும் பங்கு போட்டு எடுக்க வேண்டும். யார்டு, டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) கணக்கைப் பார்த்து நான் எடுத்தவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 40 யார்டு ஓட்ட நேரத்தை நம்பி எடுத்தவரும் தேறவில்லை. எனக்குக் கிடைப்பது டிவியில் வரும் ஆட்டமும் யூடியூபும்தான். இதை வைத்து ஒருவரை எப்படி எடை போடுவது?

பதில்: உங்கள் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பி.ஜே. சைமன்ஸ் 2003 சீசனில் 5,833 யார்டு எறிந்தார். முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்தில் அதுவரை யாரும் ஒரே சீசனில் அவ்வளவு எறிந்ததில்லை. அடுத்த ஆண்டு டிராஃப்டில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அவரைக் கடைசிச் சுற்றான ஏழாவதில் எடுத்தது. ஒரு ரெகுலர் சீசன் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. அதே கல்லூரியில், அதே போலப் பந்தை எறிந்துகொண்டே இருக்கும் ஆட்டமுறையில் பேட்ரிக் மஹோம்ஸ் 2016இல் 5,052 யார்டு எறிந்தார். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை 2017இல் 10ஆவது ஆளாக எடுத்தது. என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மூன்று முறை ஜெயித்துவிட்டார். யார்டை மட்டும் பார்த்திருந்தால் சைமன்ஸைத்தான் மேலே வைத்திருப்போம்.

யார்டு கணக்கில் பாதி கோச்சுடையது. இன்னொரு பங்கு எதிரணியின் பலவீனம். வீரருக்கு உரியது எது என்று பிரித்தெடுப்பதுதான் நம் வேலை. அதற்குக் கல்லூரி மைதானமும் என்.எஃப்.எல். மைதானமும் எங்கே வேறுபடுகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்தை இரண்டு ஹாஷ் கோடுகளின் மேலோ அவற்றுக்கு நடுவிலோ வைத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். கல்லூரியில் அந்தக் கோடுகளுக்கு நடுவே 40 அடி இடைவெளி. என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரியில் பந்து ஒரு ஓரத்து ஹாஷில் இருந்தால் மறுபக்கம் ஏகப்பட்ட வெற்றிடம் கிடைக்கும். பந்தைப் பிடிக்கும் ரிசீவரை அந்தப் பக்கம் ஓடவிட்டு, சின்ன பாஸ் ஒன்றைத் தள்ளிவிட்டாலே பத்து யார்டு வந்துவிடும். இன்னொன்று, பாஸ் ஆட்டத்தில், முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னே போகலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆர்.பி.ஓ. ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு சுலபமாகப் பலிப்பதற்கு இது பெரிய காரணம். அந்த மாதிரி வந்த யார்டுகளை மனதுக்குள் கழித்துவிடுங்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஹைலைட்ஸ் உதவாது. அதில் தப்பான எறிதல் ஒன்றுகூட இருக்காது. பலமான டிஃபென்ஸுக்கு எதிராக ஆடிய இரண்டு மூன்று முழு ஆட்டங்களைத் தேடிப் பிடியுங்கள், அதில் ஒன்றாவது தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். அதிலும் மூன்றாவது டவுன்களில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவது டவுன், போக வேண்டியது எட்டு யார்டு. பாஸ்தான் வரப்போகிறது என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்கியதும், குவாட்டர்பேக்கின் பாதங்களைப் பாருங்கள். முதல் ரிசீவரை எதிரணி மூடிவிட்டது. ஹெல்மெட் அடுத்தவர் பக்கம் திரும்புகிறதா? கூடவே பாதமும் திரும்புகிறதா? இடப்பக்க ஓரத்து லைன்மேனான டேக்கிள் தோற்று, ஒருவர் உள்ளே பாய்ந்து வருகிறார் என்று வையுங்கள். தேறக்கூடியவர் ஓரடி முன்னே நகர்ந்து, லைன்மேன்கள் சுற்றிக் காக்கும் பாக்கெட்டுக்குள்ளேயே இடம் பண்ணிக்கொள்வார். பார்வை ரிசீவர்கள் மேலேயே இருக்கும். தேறாதவரின் பார்வை பாய்ந்து வருபவர் மேல் விழுந்துவிடும். உடனே பின்வாங்கி ஓரமாக ஓடுவார். கல்லூரியில் அப்படி ஓடித் தப்பி, டச்டவுனும் போட்டுவிடலாம், கூட்டமும் ஆர்ப்பரிக்கும். என்.எஃப்.எல்.லில் துரத்தி வருபவர் அவரைவிட வேகமாக இருப்பார். கல்லூரியில் அடிக்கடி சாக் ஆகிறவர் (எறியும் முன்பே வீழ்த்தப்படுபவர்) மேலே போயும் சாக் ஆகிறார் என்பதால் இதை நான் ரொம்பக் கறாராகவே பார்ப்பேன். ஒரு சின்ன விஷயம்: கல்லூரிக் கணக்கில் சாக்கில் போன யார்டு, குவாட்டர்பேக்கின் ஓட்ட யார்டிலிருந்து கழிக்கப்படும். அவருடைய ஓட்டக் கணக்கைப் படிக்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் வயோமிங் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு 56 பாஸ்களைத்தானே சேர்த்தார், 2024 சீசனின் எம்.வி.பி. (மிகச் சிறந்த வீரர்) ஆகவில்லையா என்று கேட்பீர்கள். ஆனார். அப்படியொரு கையும் உடம்பும் வாய்த்து, குறியையும் பிறகு திருத்திக்கொண்டவர்கள் மிகச் சிலர். அவரைக் காட்டி இன்னொருவரை எடுக்காதீர்கள்.

இனி அந்த 40 யார்டு விவகாரம். 2017இல் ரிசீவர் ஜான் ராஸ், டிராஃப்டுக்கு முன் உடல்திறனைச் சோதிக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைனில் 4.22 வினாடியில் ஓடினார். அன்றைக்கு அதுதான் சாதனை. சின்சினாட்டி பெங்கால்ஸ் 9ஆவதாக எடுத்தது. முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதே கம்பைனில் இன்னொரு ரிசீவர் கூப்பர் கப்புக்கு 4.62. ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற இரண்டாம்நிலைக் கல்லூரிக்காரர், 69ஆவதாகத்தான் ராம்ஸ் எடுத்தது. 2021இல் 145 பந்து, 1,947 யார்டு, அப்புறம் அந்த சீசனின் சூப்பர் பவுலில் எம்.வி.பி. விருது. வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நேரத்துக்குக் கீழே ஓடியவரை எடுப்பேன் என்று போகாமல், இதற்கு மேலே போனால் யோசிப்பேன் என்று ஒரு வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவரிடம் நான் பார்ப்பது வேகத்தைக் குறைக்கும் விதம். முழு ஓட்டத்திலிருந்து இரண்டு மூன்று எட்டில் நின்று திரும்ப முடிகிறதா, திரும்பும் முன்பே தோளைத் தூக்கிக் காட்டிக் கொடுத்துவிடுகிறாரா? டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் ரிசீவரின் ஓட்டம் பாதி தெரியாது. ரீப்ளேக்களைத் தவற விடாதீர்கள். முடிந்தால், டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்கள் ஆடும் காட்சி ஆட்டமான சீனியர் பவுலின் பயிற்சி வீடியோக்களைப் பாருங்கள்: ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சியில் ஒளிய இடமில்லை.

லைன்மேன்கள் உங்கள் லீக்குக்குத் தேவைப்படாது. ஆனால் நீங்கள் எடுக்க நினைக்கும் ரன்னிங் பேக்குக்கு (பந்தைக் கையில் வைத்து ஓடுபவர்) முன்னால் எப்படிப்பட்ட லைன் இருந்தது என்று பாருங்கள். யாரும் தொடாமலே ஆறு யார்டு போகிறார் என்றால் அந்த ஆறும் லைனுடையது. முதல் ஆள் மோதிய பிறகு எத்தனை யார்டு எடுத்தார் என்பதே அவருடையது.

வயதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இப்போது கல்லூரி மாறி ஆடுவது சுலபம், சம்பாத்தியமும் உண்டு என்பதால் ஐந்து, ஆறு ஆண்டு கல்லூரியில் இருந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். 24 வயதுக்காரர் 19 வயதுப் பையன்களைத் தாண்டி ஓடுவதில் பெரிய அதிசயமில்லை. இரண்டாம் ஆண்டிலேயே தன் அணியின் முதல் ரிசீவராக ஆனவருக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

கடைசியாக, உங்கள் முடிவை டிராஃப்ட் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அணிகளிடம் நமக்கு எட்டாத மருத்துவ அறிக்கை இருக்கிறது. முதல் சுற்று என்று பேசப்பட்டவர் நான்காம் சுற்றுக்குச் சரிந்தால், முழங்காலிலோ தோளிலோ ஏதாவது இருக்கக்கூடும். முன்னால் எடுக்கப்பட்டவருக்கு வாய்ப்பும் நிறையக் கிடைக்கும், இரண்டு சீசன் சொதப்பினாலும் பொறுத்துக்கொள்வார்கள். அணிகளும் தவறு செய்யும்தான். 2023இல் 177ஆவதாகப் போன ரிசீவர் பூக்கா நக்கூவா முதல் சீசனிலேயே 105 பந்து பிடித்தார். அப்படிப்பட்டவரைத் தேட உங்கள் லீக்கின் கடைசி இரண்டு தேர்வுகளை ஒதுக்குங்கள். முதல் தேர்வை, நீங்கள் முழு ஆட்டம் பார்த்துப் பிடித்துப்போனவர்களில் முதல் இரண்டு சுற்றுக்குள் போன ஒருவருக்குக் கொடுங்கள்.