ரசவாதியின் குப்பிகள் – கடிதம்

வணக்கம்.

நண்பர்கள் நான்கு பேரும் ஒரு கேம் மாஸ்டரும் (ஆட்டத்தை நடத்துபவர்) சேர்ந்து அடுத்த மாதம் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பைத் தொடங்குகிறோம், முதல் லெவலிலிருந்து. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் சாகச விளையாட்டு அது. ஒருவன் ஃபைட்டர் (போர்வீரன்), ஒருத்தி கிளெரிக் (பூசாரி), இன்னொருவன் ரோக் (திருடன்). எனக்கு அல்கெமிஸ்ட் மேல்தான் ஆசை, அதாவது குண்டும் மருந்தும் காய்ச்சும் ரசவாதி. கேம் மாஸ்டர் தடுக்கிறார். "மதியத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடும், பிறகு சும்மா நிற்பாய். அடியும் சரியாக விழாது. பேசாமல் விசார்ட் (மந்திரவாதி) எடு" என்கிறார். நீங்கள் பல வருடங்களாக இதை ஆடுபவர். எடுக்கலாமா?

வி.

அன்புள்ள வி.,

எடுங்கள். ஆனால் அதற்கு முன் கேம் மாஸ்டரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: எந்த விதிப்புத்தகத்தை வைத்து ஆடப்போகிறோம்?

அவர் சொல்வது பழைய விதிகளுக்குச் சரியாகப் பொருந்தும். 2019இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ரசவாதிக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த மூலச்சரக்கு அவருடைய லெவலையும் அறிவுத்திறன் எண்ணையும் கூட்டிய அளவுதான். அந்த எண் நான்கு என்றால் முதல் லெவலில் ஐந்து பங்கு. காலையில் நிதானமாகக் காய்ச்சினால் ஒரு பங்குக்கு இரண்டு குப்பி, சண்டைக்கு நடுவே செய்தால் ஒன்றே ஒன்று. என் முதல் ரசவாதியை அந்த விதிகளில்தான் ஆடினேன். எதிரில் என்ன வரும் என்று தெரியாததால் ஐந்து பங்கையும் காலையில் காய்ச்சாமல் சண்டைக்கென்று வைத்திருந்தேன். மூன்றாவது அறையிலேயே கை காலி. மீதி மாலை முழுவதும் குறுக்குவில்லை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த அலுப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2024இல் வந்த பிளேயர் கோர் 2 என்ற புதிய விதிப்புத்தகம் இதை அடியோடு மாற்றி எழுதியது. காலையில் செய்துவைக்கும் பொருட்கள் நான்கும் அறிவுத்திறனும். உங்கள் எண் நான்கு என்றால் எட்டு. அதுபோக, நினைத்த நேரத்தில் எதுவாகவும் மாற்றக்கூடிய குப்பிகள் இரண்டும் அறிவுத்திறனும், அதாவது ஆறு. இந்த ஆறில் செலவானவை, சண்டை இல்லாதபோது பத்து நிமிடத்துக்கு இரண்டு வீதம் திரும்பவும் நிறையும். ஒருவர் காயத்துக்கு மருந்து கட்டுவதற்கும் இந்த விளையாட்டில் அதே பத்து நிமிடம்தான். ஃபைட்டர் கட்டு மாற்றிக்கொள்ளும் நேரத்தில் உங்கள் பையும் நிறைந்துகொண்டிருக்கும். மதியத்தில் சும்மா நிற்க வேண்டியதில்லை.

அடி சரியாக விழாது என்பது மட்டும் இன்றும் உண்மை. முதல் லெவலில் உங்கள் ஃபைட்டர் பகடையோடு ஒன்பது கூட்டுவார், நீங்கள் குண்டு எறியும்போது ஆறு. இருபது பக்கப் பகடையில் மூன்று என்பது பெரிய இடைவெளி. அந்தப் போட்டிக்கே போகாதீர்கள். ரசவாதியின் குண்டு குறி தவறினாலும், படுமோசமாகத் தவறாதவரை, சிதறல் எதிரிமேல் படும். 2019 பெஸ்டியரியில், அதாவது எதிரிகளைப் பட்டியலிடும் புத்தகத்தில், உள்ள ட்ரோல் என்ற அரக்கனைப் பாருங்கள். நெருப்பு பட்டால் அதற்குக் கூடுதலாகப் பத்து சேதம். சிறிய நெருப்புக் குண்டு ஒன்றை எறிந்து நீங்கள் தவறவிட்டாலும், ஒரு புள்ளிச் சிதறலோடு அந்தப் பத்தும் சேர்ந்து பதினொன்று இறங்கும். அதன் காயம் தானாக ஆறுவதும் அந்தச் சுற்றில் நின்றுபோகும். வாள் தவறினால் இப்படி எதுவும் நடக்காது. ஆகவே எதிரியைப் பற்றி நினைவுகூர்ந்து அறியும் செயலை எப்போதும் விடாதீர்கள். உங்கள் அறிவுத்திறனுக்கு அங்கேதான் வேலை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. காலையில் செய்யும் அந்த எட்டையும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவை மறுநாள் காலைவரை கெடாது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். உயிர்காக்கும் மருந்து இரண்டை ஃபைட்டரிடமே கொடுங்கள். அவர் விழும்போது நீங்கள் அறையின் மறுகோடியில் இருக்கலாம். அருகில் இருக்கும் ரோக் அவர் இடுப்பிலிருந்து எடுத்து அவருக்கே ஊட்டிவிடலாம்.

ரோக்குக்கு குவிக்சில்வர் மியூட்டஜென் கொடுங்கள், குடித்தவரின் உடலைச் சிறிது நேரம் மாற்றும் மருந்து அது. குவிக்சில்வர் என்றால் பாதரசம்தான். நம் மொழியில் ரசவாதி என்ற சொல்லுக்குள் இருக்கும் ரசமும் அதுவே. எங்கோ எழுதப்பட்ட ஒரு விதிப்புத்தகத்தில் இதைப் பார்த்த அன்று எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி. அதன் சிறிய வகையைக் குடித்தால் ஒரு நிமிடத்துக்கு மறைந்து நடப்பது, பூட்டுத் திறப்பது, தூரத்திலிருந்து தாக்குவது எல்லாவற்றிலும் ஒன்று கூடும். பதிலுக்கு லெவலைப் போல இரண்டு மடங்கு உயிர்ப்புள்ளி போய்விடும், மருந்தின் வேகம் இருக்கும்வரை அது திரும்ப ஏறாது. முதல் லெவலில் இரண்டு புள்ளி. ரோக் இதைத் தெரிந்துகொண்டு, சரி என்று சொல்லிக் குடிக்க வேண்டும். கேட்காமல் கையில் திணித்தால் பையிலேயே கிடக்கும். நான் கொடுத்தவை பல முறை அப்படிக் கிடந்திருக்கின்றன.

இன்னொரு சிக்கல். ஒரு சுற்றுக்கு மூன்று செயல்தான். குப்பியை எடுக்க ஒன்று, குடிக்க ஒன்று. வாளோடு முன்னால் நிற்பவருக்கு அது கனத்த விலை. சிலர் எரிச்சலடைவார்கள், அதில் தவறும் இல்லை.

விசார்ட் நல்ல கிளாஸ்தான். ஆனால் ஆசை ஒன்றில் இருக்க வேறொன்றை எடுத்து ஆறு மாதம் ஆடுவது கடினம்.

ஆகவே இந்த வாரமே மூவரிடமும் பேசுங்கள். "காலையில் நான் தருவதைக் குடிப்பீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். இருவராவது ஆம் என்றால் மருந்து பக்கம் போங்கள், மருத்துவத்தில் தேர்ந்த கைரர்ஜன் என்ற ரசவாதி வகை உங்களுக்குப் பிடிக்கும். மூவரும் தயங்கினால் குண்டெறியும் வகையான பாம்பர். அவரால் சிதறலைக் குறிவைத்த எதிரியோடு நிறுத்திக்கொள்ள முடியும், பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர் சுடுபடமாட்டார். எது எடுத்தாலும் முதல் நாள் உங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் அமிலக் குண்டு, நெருப்புக் குண்டு இரண்டும் இருக்கட்டும்.

முதல் ஆட்டம் முடிந்ததும் எழுதுங்கள். ரோக் அந்தக் குப்பியைக் குடித்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.