மணிக்கட்டில் தெரிந்த கீறல்

கேள்வி: நாடே பேசிய ஒரு கொலை வழக்கில் நான்கு மாதங்களுக்கு முன் ஒருவர் கைதானார். அன்றிலிருந்து, அந்த வழக்கை அலசும் இணையக் குழு ஒன்றில் இருக்கிறேன். இறந்துபோன பெண்ணுக்கு என் மகளின் வயது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கைதானவரின் பழைய படங்களையும் பதிவுகளையும் தேடி எடுத்துப் பேசுவோம். ஒரு படத்தில் அவர் மணிக்கட்டில் இருந்த கீறலை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அடுத்து, கொலை நடந்த இரண்டாம் நாள் அவருடைய தங்கை வெளியிட்டிருந்த சிரித்த முகப் படத்தைப் போட்டு, 'இவளுக்கு எல்லாம் தெரியும்' என்று எழுதினேன். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். 'உனக்குப் பிடித்திருப்பது நோய்' என்கிறார் என் கணவர். நீதி கிடைக்க வேண்டும் என்று நினைப்பது தவறா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நேரில் ஒரு முறைகூடப் பார்த்திராத பெண்ணுக்காக நான்கு மாதத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். அந்த மனத்தை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தங்கையைப் பற்றி எழுதியது பெரிய தவறு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வேலையை விட்ட செய்தியை எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்றால், அது உங்கள் நெஞ்சிலும் உறுத்துகிறது என்றுதான் பொருள்.

கீறலிலிருந்து தொடங்குவோம். இணையத்தில் ஏறும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் முறையில் சுருக்கப்பட்டவை. அந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சின்னஞ்சிறு சதுரங்களாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடுகிறது. ஒருவர் இறக்கி, இன்னொருவர் ஏற்றி, மூன்றாமவர் திரையைப் படம்பிடித்து அனுப்பும்போது இழப்பு மேலும் கூடுகிறது. அதைப் பெரிதாக்கினால், இல்லாத புள்ளிகளைச் செயலி தானே அனுமானித்து நிரப்புகிறது. நீங்கள் கண்ட கோடு கீறலாக இருக்கலாம். கடிகார வார் பதிந்த தடமாக, சட்டைக் கையின் நிழலாக, இரண்டு சதுரங்கள் சேரும் விளிம்பாகவும் இருக்கலாம். தடயவியல் நிபுணர் முதலில் மூலப் படத்தைத்தான் கேட்பார். உங்களிடம் அது இருக்கிறதா? தங்கையின் படமும் அப்படித்தான். அது வெளியான நாள் உங்களுக்குத் தெரியும், எடுக்கப்பட்ட நாள் தெரியாது.

கோவலன் கதையில் ஓர் இடம் வருகிறது. பள்ளியில் படித்தபோது சிலம்புக்கும் தீர்ப்புக்கும்தான் மனம் பதைத்தது. இந்த இடத்தைப் பல காலம் கழித்துத்தான் கவனித்தேன். கொல்ல வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் தோற்றம் கொலைக்கு உரியவனின் தோற்றமாக இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்கு எட்டுத் துணைகள் உண்டு என ஒவ்வொன்றாக விளக்குகிறான். அந்த எட்டுக்குள் அடங்காத மனிதன் யார்? நல்லவனாகத் தெரிந்தால் அதுவும் கள்வனின் சாமர்த்தியம் ஆகிவிடுகிறது. காவலர்களின் அந்தச் சிறு தயக்கம்தான் கோவலனுக்குக் கிடைத்த ஒரே விசாரணை. அதையும் பொற்கொல்லனின் பேச்சு அடித்துச் சென்றுவிட்டது.

உங்கள் குழுவில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைதானவர் நிமிர்ந்து நடந்தால் திமிர், குனிந்தால் குற்ற உணர்ச்சி, அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சம். தங்கை சிரித்தது குற்றமாகிவிட்டது. சிரிக்காத படம் கிடைத்திருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதியிருப்பீர்கள். நீதிமன்றத்தில் எந்தச் சாட்சியும் குறுக்கு விசாரணையைத் தாண்டித்தான் வர வேண்டும். நள்ளிரவில் ஒத்த கருத்துடையவர்கள் கூடிப் பேசும் இடத்தில் குறுக்கே கேட்க யார் இருக்கிறார்கள்?

கைதானவர் உண்மையிலேயே கொலைகாரராக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரையும் நிரபராதியாகவே கருத வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 11ஆம் பிரிவில் சொல்கிறது. அவர்மேல் இரக்கப்படச் சொல்லி இதை உங்களிடம் நான் எடுத்துக்காட்டவில்லை. அவர் குற்றவாளி என்றால் தீர்ப்பு உறுதியாக நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அடையாள அணிவகுப்பில் நிற்பவரின் படத்தைச் சாட்சி முன்பே நூறு முறை பார்த்திருந்தால், அவர் அடையாளம் காட்டுவது அன்று கண்ட முகத்தையா, இணையத்தில் கண்ட முகத்தையா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நினைவு எளிதில் கலங்கும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துக் காட்சி ஒன்றைப் பலருக்குப் போட்டுக் காட்டினார். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தில் இருமடங்குக்கும் மேல். அந்தக் காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல் செய்த வேலை இது. உங்கள் வழக்கின் சாட்சிகள் நான்கு மாதமாக எத்தனை சொற்களைப் படித்திருப்பார்கள்!

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, இணையத் துப்பறிவாளர்கள் சேர்ந்து, ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குற்றவாளி என்றார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின்மேல் வசவுகள் வந்து விழுந்தன. சில நாட்களில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2022 நவம்பரில் அமெரிக்காவின் ஐடஹோவில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், சீட்டு வைத்துக் குறி பார்த்த ஒருவர் ஒரு பேராசிரியையைக் கொலையோடு முடிச்சுப் போட்டார். பேராசிரியை நீதிமன்றம் போய், அது அவதூறு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த வழக்கில் ஒருவர் கைதான பிறகும் பேச்சு ஓயவில்லை. உள்ளூரில் பாரபட்சமற்ற ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, கிடைக்காது என்ற அச்சத்தில் 2024இல் விசாரணையையே வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

இனி தங்கை. பல ஆண்டுகளுக்கு முன் நான் நீதிமன்றச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கொலை வழக்கில் கைதானவரின் அக்கா, தாழ்வாரத்தில் ஒரு துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். பைக்குள் ஒரு சட்டையும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியும் இருந்தன. கண்ணாடி இல்லாவிட்டால் தம்பிக்கு எழுத்தே தெரியாது, இதைக் கொடுக்க விடுவார்களா என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். படம் எடுப்பவர்கள் ஓடி வந்ததும் பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மறுநாள் அந்தப் படம் வந்தது. 'முகம் காட்ட மறுத்த உறவினர்' என்ற வரி என்னுடையது. பைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்தும் எழுதினேன். தம்பி குற்றவாளி என்றே தீர்ப்பானது. அக்கா அந்த ஊரில் இருக்க முடியாமல் போய்விட்டார் என்று பிறகு அறிந்தேன். எங்கே போனார் என்று தெரியாததால், இன்றுவரை என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இன்று இரவே அந்தப் பதிவை நீக்குங்கள். நீக்கினால் மட்டும் போதாது. அதே இடத்தில், 'அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்குங்கள்' என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். குழுவில் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும். அந்தப் பெண்ணுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாதவர்களின் செய்தியைத் திறக்கவே இப்போது அவருக்குக் கை நடுங்கும். கீறல் முக்கியம் என்று இன்னமும் நம்பினால், படம் கிடைத்த இடத்தோடு விசாரணை அதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட்டு, வேறு யாரிடமும் பேசாமல் இருங்கள்.

உங்கள் கூர்மையான கண்ணுக்கு வேலை இல்லாமல் போகாது. 1968இல் அமெரிக்காவின் கென்டக்கியில் கிடைத்த ஒரு பெண்ணின் உடல் யாருடையது என்று முப்பது ஆண்டுகள் தெரியவில்லை. 1998இல் அதைக் கண்டறிய வழி செய்தவர், தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு சாதாரண மனிதர். காணாமல் போன அக்காவைத் தேடி ஒரு பெண் இணையத்தில் எழுதியிருந்ததை இரவில் அவர் படித்தார். அந்த விவரங்கள் கென்டக்கி உடலோடு ஒத்துப்போவதைக் கண்டு, உடனே அந்தப் பெண்ணைத் தொடர்புகொண்டு, பின் செய்தியை அதிகாரிகளிடம் கொண்டுபோனார். மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது. அடையாளம் தெரியாத உடல்கள், தேடப்படும் மனிதர்கள் பற்றி அரசு அமைப்புகள் வெளியிடும் அறிவிப்புகள் நிறைய இருக்கின்றன. பகலில், ஒரு மணி நேரம் அவற்றைப் பாருங்கள். அந்தத் தங்கைக்கு மீண்டும் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.