ஐந்தாவது கம்பிக்கு முன்னால் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

ஊர் காட்பாடி. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வைகாசி, ஆடி சீசனில் ஒரு மெல்லிசைக் குழுவோடு குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கம் கச்சேரிக்குப் போவேன். கையில் இருப்பது நாலு கம்பி பேஸிவ் பேஸ் (உள்ளே பேட்டரி இல்லாதது), ஜாஸ் மாடல். வீட்டில் 15 வாட் ஆம்ப். இப்போது 45,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஐந்து கம்பி ஆக்டிவ் வாங்கு என்கிறார். டிரம்ஸ்காரர் 300 வாட் ஆம்ப் வாங்கு என்கிறார்.

மண்டபத்தில் நான் வாசிப்பது ‘தும் தும்’ என்றுதான் கேட்கிறதாம், என்ன சுரம் என்றே தெரியவில்லையாம். போன திருவிழாவில் கோரஸ் பாட மைக்கில் வாய் வைத்ததும் உதட்டில் சுர்ரென்று ஷாக் அடித்தது. வெயில் ஏறியதிலிருந்து முதல் நாலு ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கம்பி கரகரக்கிறது. எதை முதலில் வாங்கலாம்?

கே., காட்பாடி

அன்புள்ள கே.,

இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். மண்டபத்தில் ஐந்நூறு பேர் கேட்பது உங்கள் ஆம்ப்பை அல்ல, மைக் செட்காரரின் மிக்ஸர் வழியாக வரும் சத்தத்தை. உங்கள் கிட்டாருக்கும் அந்த மிக்ஸருக்கும் நடுவில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. பணத்தை அங்கே போடுங்கள். பாதிகூடச் செலவாகாது.

ஆனால் முதலில் அந்த ஷாக். இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். பேஸில் கம்பிகள் தாங்கி நிற்கும் உலோகத் துண்டான பிரிட்ஜிலிருந்து ஒரு எர்த் வயர் உள்ளே, கேபிள் சொருகும் ஜாக்குக்குப் போகிறது. அதனால் கம்பியைப் பிடித்திருக்கும் உங்கள் கை, நீங்கள் சொருகியிருக்கும் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்துவிடும். மைக் வேறு பவர் லைனில் ஓடும் மிக்ஸரோடு சேர்ந்தது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லையென்றால் நடுவில் பாலம் நீங்கள்தான். திருவிழா மேடைகளில் ஜெனரேட்டரிலிருந்து இரண்டே வயர் இழுத்து, மூன்றாவது பின் சும்மா தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் சொருகுவது சர்வசாதாரணம்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஏ.சி. வோல்ட்டில், 250க்கு மேல் அளக்கும் இடத்தில் திருகி வைத்து, ஒரு முனையைப் பேஸ் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் பரவாயில்லை. நூறை ஒட்டிக் காட்டினால், அது இரண்டு பின் அடாப்டர் கசிவாகவும் இருக்கலாம், லைனே பாடியில் பட்டிருப்பதாகவும் இருக்கலாம். மீட்டரை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது, ஆகவே தொடாதீர்கள். பிளக் பாயின்ட்டையும் பார்க்க வேண்டும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் காட்டினால், லைனுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். அங்கே சைபரோ ஆடிக்கொண்டே இருக்கும் எண்ணோ வந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. பழக்கமில்லையென்றால் இதை எலக்ட்ரீஷியன் கையில் விடுங்கள். மிக்ஸர், கீபோர்டு, ஆம்ப் எல்லாமே எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடுவது உதட்டைக் காப்பாற்றும், கோளாறைச் சரிசெய்யாது. இரைச்சலை நிறுத்துகிறேன் என்று எர்த் பின்னைப் பிடுங்குகிறவர் பக்கத்தில் நின்று வாசிக்காதீர்கள்.

இனி ‘தும் தும்’. பேஸிவ் பேஸின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) எதிரே, அது சொருகப்படும் இன்புட்டில் சுமார் 1 மெகா ஓம் மின்தடை இருக்க வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட்டில் இருப்பது பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ ஓம். நேராக அதில் சொருகினால் சத்தமும் குறையும், மேல் அதிர்வெண்களும் செத்துவிடும். அடியில் இருக்கும் உருட்டல் மட்டும் மிஞ்சும். சுரத்தை அடையாளம் காட்டுவதே அந்த மேல் பகுதிதான். மேடையிலிருந்து மிக்ஸர் வரை 20 மீட்டர் சாதா கிட்டார் கேபிள் ஓடினால் இன்னும் மோசம். கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) மிச்சமிருக்கும் டிரெபிளையும், அதாவது மேல் ஓசையையும், தின்றுவிடும், கூடவே சீரியல் லைட்டின் இரைச்சலும் ஏறும்.

இதற்குத்தான் டி.ஐ. பாக்ஸ், கிட்டார் சிக்னலை மைக் கேபிளில் போகும்படி மாற்றித் தரும் சின்னப் பெட்டி. பேஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ. எடுங்கள், இன்புட் 1 மெகா ஓம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேஸிலிருந்து பாக்ஸ் வரை 3 மீட்டர் கேபிள், அங்கிருந்து மிக்ஸருக்கு மைக் கேபிள். அது எவ்வளவு தூரம் ஓடினாலும் கவலையில்லை. ஆக்டிவ் டி.ஐ.க்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மிக்ஸர் அனுப்பும் கரண்ட்) அல்லது உள்ளே பேட்டரி வேண்டும். “பாக்ஸ் வேலை செய்யல” என்று சொல்லப்படும் இடங்களில் பாதியில் மிக்ஸரில் ஃபாண்டம் பட்டனே அழுத்தியிருக்காது. சேனலை மியூட் செய்யச் சொல்லிவிட்டுச் சொருகுங்கள், இல்லையென்றால் டமால் என்று ஸ்பீக்கருக்கே ஆபத்து. உம்மென்று இரைந்தால் பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டலாம். அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கிறது, கரண்டின் எர்த்தை அல்ல, அதனால் பயமில்லை. உங்களுடையது ஜாஸ் மாடல் என்பதால் இன்னொன்று: இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்து வைத்தால் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் இரைச்சலை ஒன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் லைட் டிம்மரின் ‘ஙீ’ திரும்பி வரும்.

அடுத்தது மண்டபம். உங்கள் தடித்த கம்பியான ஈ, விரல் வைக்காமல் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ், அதன் அலை 8 மீட்டருக்கு மேல் நீளம். டைல்ஸ் பதித்த சுவர்களுக்கு நடுவில் சில சுரங்கள் வீங்கும், சில காணாமல் போகும். நீங்கள் நிற்கும் இடத்தில் கேட்பதும் பந்தி வரிசையில் கேட்பதும் வேறு வேறு. ஆம்ப்பை மூலையில் வைத்தால் வீக்கம் கூடும், சுவரிலிருந்து நகர்த்துங்கள். மிக்ஸர்காரரிடம் “பேஸைக் கொஞ்சம் ஏத்துங்க” என்று கேட்காதீர்கள், அவர் லோ குமிழைத் திருப்புவார், தும் தும் இரண்டு மடங்காகும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 200ஐ ஒட்டிக் கொஞ்சம் குறைத்து, 700–800ல் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், குழுவோடு கேட்டால் ஒவ்வொரு சுரமும் தெரியும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரி திறந்தவெளி மேடையில் நிலைமை தலைகீழ். சுவரே இல்லை, அடி ஓசை கரைந்துவிடும். அங்கே லோவைக் கொஞ்சம் கூட்டலாம்.

இதையெல்லாம் செய்தும் தெளியவில்லையென்றால் குற்றவாளி கீபோர்டின் இடது கை. பேஸ் ஆள் வராத நாட்களில் அவரே அடியையும் வாசித்துப் பழகியிருப்பார். நீங்கள் வந்த பிறகும் அந்தக் கை இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பேஸ், ரிதம் பேடின் கிக் (அடி டிரம்), தபலாவின் பாயா (இடது கை வாசிக்கும் பெரிய முகம்), எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் எந்த டி.ஐ.யும் காப்பாற்றாது. ரிகர்சலில் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மேடையில் அல்ல.

கரகரப்புக்கு வருவோம். முதல் நாலைந்து ஃபிரெட்டில் மட்டும் அடிக்கிறது என்றால் நெக் அதிகமாக நிமிர்ந்துவிட்டது என்று முதலில் சந்தேகப்படலாம். வேலூர் வெயிலில் மரம் காய்ந்து அசையும். நெக் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃபிரெட் முனைகள் குத்துகிறதா என்று பாருங்கள், அதுவும் காய்ந்ததன் அடையாளம். சுருதி சேர்த்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். எட்டாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு. நுழையவில்லையென்றால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டு அளந்து பாருங்கள். சரியான அளவு ஆலன் சாவி (அறுகோண முனைத் திருகி) இல்லாமல் கை வைத்தால் நட்டின் தலை தேய்ந்துவிடும், பிறகு ரிப்பேர்க்காரர்தான் கதி. நெக் சரியானதும் பதினேழாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம்: தடித்த ஈ பக்கம் 2.4, மெல்லிய ஜி பக்கம் 2 மில்லிமீட்டர். ஓங்கி வாசிக்கிற கை என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கம்பி 45–105 செட் போதும் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்லும் தடிமன்). வியர்வைதான் எதிரி, பாட்டு முடிய முடியத் துடையுங்கள். மங்கிப்போன கம்பியைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு நன்றாகக் காயவைத்து மாட்டினால் சில கச்சேரிக்குப் பளிச்சென்று பேசும். புதுக் கம்பி மாட்டும்போது வெட்டும் இடத்தில் முதலில் மடக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று பிரிந்து கம்பி உயிரற்றுப் போகும்.

இப்போது ஐந்து கம்பி. கீபோர்டு அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு, காரணம்தான் வேறு. பாடகரின் சுருதியைக் கட்டையில் சொல்வோம்: 1 கட்டை என்றால் சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ. நாலு கம்பியின் அடி 3 கட்டை. ஆண் பாடகர் 1 முதல் 2 கட்டைக்குள் நிற்கும்போது உங்களுக்குக் கீழ் ஸட்ஜமே கிடையாது, ஒரு ஸ்தாயி ஏறித்தான் பிடிக்க வேண்டும். ஈக்கும் கீழே இருக்கும் ஐந்தாவது கம்பி, அதாவது பி, அதைத் தரும். ஆனால் கீழ் சி 33 ஹெர்ட்ஸ்கூட இல்லை, அந்த அடி பாதி மண்டபங்களின் பெட்டிகளில் வரவே வராது. நிஜமான லாபம் விரலில். பாடகர் மேடையிலேயே “அரைக் கட்டை இறக்கு” என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துவார், உங்களுக்குப் பட்டன் கிடையாது. திறந்த கம்பியைத் தொடாமல் வாசித்திருந்தால் கை அப்படியே ஒரு ஃபிரெட் நகரும், அடியிலும் இடம் இருக்கும். இந்தப் பழக்கத்தை நாலு கம்பியிலேயே இந்த சீசன் முழுக்கச் செய்யுங்கள். 2 கட்டைப் பாட்டு அதிகமென்றால் ஈயை டிக்கு இறக்கிக்கொள்ளலாம், அந்தக் கம்பியில் மட்டும் எல்லாமே இரண்டு ஃபிரெட் தள்ளிப்போகும்.

அடுத்த வருடம் சென்னைக்குப் போய் வாங்கும்போது, கடையில் பி கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டையும் திறந்த ஈயையும் மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே சுரம்தான். பி கம்பியில் மட்டும் தொளதொளவென்று மங்கினால் அந்தக் கிட்டாரை வைத்துவிடுங்கள். பெல்ட்டில் மாட்டிக் கையை விட்டுப் பாருங்கள், தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் மூன்று மணி நேரக் கச்சேரியில் இடது கை அதைத் தாங்குவதிலேயே சோர்ந்துவிடும். எடை 4.5 கிலோவைத் தாண்ட வேண்டாம். ஆக்டிவ் என்றால் கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி ஓடும், வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள். 6F22 என்று போட்ட சாதா 9 வோல்ட்டுக்குப் பதில் 6LR61 ஆல்கலைன் போடுங்கள். மீட்டரில் 8க்குக் கீழே போனால் கச்சேரிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஆம்ப் எதற்கு? வீட்டுக்கு 15 வாட் போதும். மேடையில் மானிட்டர் கொடுக்காத குழுவோடு, நிஜ டிரம்ஸோடு தொடர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 300 வாட் பற்றி யோசிக்கலாம்.

மிச்சப் பணத்தில் இன்னொரு கேபிள் வாங்கி வையுங்கள். பிறகு ஒரு பெல்ட். நைலான் பெல்ட் தோளை அறுக்கும். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் வேலை தெரிந்தவரிடம் மூன்று அங்குல அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பாக, இரண்டு முனையிலும் இரட்டைத் தோல் வைத்துத் தைத்து வாங்குங்கள். முனையில் உள்ள ஓட்டையைப் பட்டனைவிடச் சின்னதாகப் போடச் சொல்லுங்கள். பெரிதாகப் போட்டால் நடுப்பாட்டில் கழன்றுவிடும்.