டயப்பரின் எடை

அன்புள்ள ஐயா,

பிரசவத்தின்போது என் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. 32 வாரத்தில் பிறந்த மகள் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தாள். இப்போது இருவரும் வீட்டில். நள்ளிரவில் டயப்பர் மாற்றும்போது நன்றியில் கண் கலங்குகிறது. பால் பாட்டிலைக் கழுவித் துணியால் துடைத்தபடியே அழுதிருக்கிறேன். மனைவி மட்டும் எதுவும் பேசுவதில்லை. இந்த நன்றியுணர்வு நாளடைவில் மங்கிவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மங்கும். மங்கட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. கழுவிய பாட்டிலைத் துணியால் துடைக்கிறீர்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள். துணியில் இருக்கும் கிருமி அப்படியே பாட்டிலுக்குப் போகும். குறைமாதக் குழந்தைக்கு அதைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை.

முதலில் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். பாட்டில், நிப்பிள், வளையம், மூடி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றுங்கள். சிங்க்கில் நேராகப் போடாமல், இதற்கென்றே வைத்த பாத்திரத்தில், இதற்கென்றே வைத்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நிப்பிளின் துளை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். பால் படலம் ஒட்டிக்கொள்வது அங்கேதான். பிறகு, தினம் ஒருமுறையாவது, நீரில் முழுக முக்கி 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். சுத்தமான துணிமேல் கவிழ்த்து, காற்றிலேயே முழுக்க உலரவிட்டு எடுத்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால் செய்ததெல்லாம் வீண்.

பிழிந்த தாய்ப்பால் இருக்கும் பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள். குழந்தை வாய் வைத்த மிச்சம் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது, சூடு ஓரிடத்தில் குவிந்து நாக்கைச் சுட்டுவிடும். மருத்துவமனை இதைவிடக் கறாராகச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. குழந்தை வேலைகளை எல்லாரும் உருகி உருகிப் பேசுகிறார்கள், ஒழுங்காகச் செய்வதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இது வெகுநாள் மனத்தாங்கல். உங்கள் மகளைக் கருவிகளும் மருந்துகளும் காப்பாற்றின, உண்மைதான். கூடவே, ஒவ்வொரு முறை தொடுமுன்னும் கை கழுவிய செவிலியர்களும் காப்பாற்றினார்கள். அந்தப் பிரிவில் ஈர டயப்பரைத் தராசில் வைப்பார்கள். காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். சிறுநீரகம் வேலை செய்கிறதா, உடம்பில் நீர் போதுமா என்று அந்தக் கணக்குதான் சொல்லும். நீங்கள் நள்ளிரவில் மாற்றுவது அதே டயப்பர். வீட்டில் தராசு வேண்டாம், எண்ணினால் போதும்: ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனைய வேண்டும். குறைந்தால் அழுதுகொண்டு நிற்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மனைவி பேசுவதில்லை என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது தவறு. உங்களுக்கு அந்தப் பிரசவ நாள் தப்பித்து வந்த நாள். அவர் உடம்பில் அது இன்னும் முடியவில்லை. அவ்வளவு ரத்தம் போனால் சோகை இருக்கும், மாடியேறினாலே மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் போகிறதா? ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், பிரசவப் பேச்சை எடுத்தாலே ஒதுங்குதல் இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குணப்படுத்தக்கூடியதுதான். உங்களுக்கும் இதே அறிகுறிகள் வரலாம். "நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்" என்று மட்டும் அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள் அப்பா. அவர் எப்போது எதைச் சொன்னாலும் கேளுங்கள். இரவில் ஒரு வேளைப் பாலை நீங்களே கொடுத்து, அவரைச் சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரமாவது தூங்க விடுங்கள்.