அகிதாவின் நீல ஆற்றுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தம்பி, அக்டோபரில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஜப்பானின் அகிதா மாகாணத்தில் இருக்கும் நீல ஆற்றைக் காட்டலாமா, அமிலத் தண்ணீர் என்கிறார்களே, அம்மாவின் மூட்டு வலிக்கு அங்கே குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அழைத்துப் போங்கள். செந்தாய் நகரில் குடும்பத்தோடு இருக்கும் நான், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் சொல்வது அந்த ஆற்றைத்தான். ஆற்றின் பெயர் தமகாவா. தோக்கியோ பக்கத்திலும் அதே பெயரில் ஓர் ஆறு இருக்கிறது, வழி தேடும்போது அகிதா என்று சேர்த்துப் போடுங்கள்.

முதலில் தகிகாயெரி பள்ளத்தாக்கு. ககுனோதாதே ஊர் வரை ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். தொங்குபாலத்தில் நின்று கீழே பார்த்தால் பால் கலந்தது போன்ற நீலம், இரண்டு பக்கமும் சிவந்த மரங்கள். அக்டோபர் பிற்பாதியில் போனால் நிறம் நன்றாக ஏறியிருக்கும். அருவி வரை நடைபாதை உண்டு, ஆனால் கல் சரிந்தால் அடைத்துவிடுவார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரடி நடமாட்டம் உள்ள காடு, ஆளுக்கொரு மணி கட்டிக்கொள்ளுங்கள்.

அந்த நீலத்துக்குக் காரணம் மேலே மலையில் இருக்கிறது. தமகாவா ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுத் தலத்தில் ஓபுகி என்ற ஒரே ஊற்றிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 9,000 லிட்டர் தண்ணீர் 98 டிகிரியில் கொதித்து வருகிறது. பிஎச் 1.2 அளவு, எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமை. இந்தத் தண்ணீர் கலந்த ஆற்றை அந்தக் காலத்து விவசாயிகள் நஞ்சு நீர் என்றே சொன்னார்கள். 1940-ல் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் என்று ஆற்றைத் தசாவா ஏரிக்குத் திருப்பினார்கள். அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த குனிமாசு மீன் பூண்டோடு போனது. முன்பு முட்டைகளை வேறு ஏரிகளுக்கு அனுப்பியிருந்ததால், 2010-ல் யமனாஷி மாகாணத்தின் சாய் ஏரியில் அந்த மீன் உயிரோடு இருப்பது தெரிந்தது. தசாவா ஏரி போகும் வழியில்தான் இருக்கிறது, இந்தக் கதையை அப்பாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1989 முதல் சுண்ணாம்புக்கல் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி அமிலத்தைக் குறைக்கிறார்கள். அதில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம்.

ஆற்றைக் கண்டால் காலை நனைத்து, கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வது நம் பெரியவர்களின் வழக்கம். ஓபுகி பக்கம் அது கூடவே கூடாது. கந்தகப் புகையும் உண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே நிற்க வேண்டாம். கூழாங்கல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. அங்கே படியும் ஹொகுதோ கல்லில் ரேடியம் இருக்கிறது, சட்டப் பாதுகாப்பும் உண்டு.

குளியல் விடுதிக்குள் மட்டும்தான். ஊற்றுநீரை அப்படியே விட்ட தொட்டியும், பாதிக்குப் பாதி நீர் கலந்த தொட்டியும் தனித்தனியாக இருக்கும். அம்மா கலந்த தொட்டியில் சில நிமிடம் உட்கார்ந்தால் போதும். சின்னக் கீறல் இருந்தாலும் சுரீரென்று எரியும், முந்தைய நாள் அப்பா சவரம் செய்யாமல் இருக்கட்டும். கண்ணில் படக் கூடாது, முடித்ததும் சாதாரண நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆண்களும் பெண்களும் தனித்தனி, ஆனால் உள்ளே உடுப்பில்லாமல்தான் இறங்க வேண்டும். இதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய் நின்று சங்கடப்பட வேண்டாம். வெள்ளி மெட்டி கறுத்துவிடும். நகையில் கலந்த செம்புக்கும் இந்தத் தண்ணீர் ஆகாது. தாலியைக் கழற்ற மனம் வராவிட்டால், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு பொன்னைப் பத்திரமாக வைத்துவிடலாம்.

குளிக்கவே மாட்டேன் என்றால் வெளியே சூடான பாறை நிலம் இருக்கிறது. உடுப்போடு கோரைப்பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். புற்றுநோயோடு போராடுகிறவர்கள் பலர் நம்பிக்கையோடு வந்து படுத்திருப்பார்கள், அவர்களைப் படம் எடுக்காதீர்கள். மூட்டுக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும், நோய் தீரும் என்று மட்டும் அம்மாவுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பயணத்தை டிசம்பருக்குத் தள்ளாதீர்கள். பனிக்காலத்தில் 341-ம் எண் மலைச்சாலையை அடைத்துவிடுவார்கள், பாறைப் படுக்கையும் பனிக்குள் போய்விடும். அக்டோபர் வாரக் கடைசிகளில் அறை கிடைப்பது கஷ்டம், டிக்கெட் உறுதியானதும் விடுதியைப் பதிவு செய்துவிடுங்கள்.