காணாமப் போனவங்களை எந்த போட்டோவுல காட்டுவீங்க?

கேள்வி: கொலம்பியா ஆர்ட்டிஸ்ட் டோரிஸ் சல்செடோ பத்தி போன இதழ்ல எழுதியிருந்தீங்க. பழைய செருப்பு, தோல், நூல்னு ஒட்டிவெச்சா அது வன்முறை பத்தின கலையா? ரத்தத்தை ஒரு போட்டோவுல காட்டினா எவனுக்கும் புரியுமே. அதோட வன்முறை காட்டுமிராண்டிங்க செய்யறது, அதுல நாகரிகத்தை எதுக்கு இழுக்கணும்?

பதில்: ரத்தத்தைப் பார்த்தா எவனுக்கும் புரியும்ங்கிறீங்க. நேத்து உங்க போன்ல எத்தனை ரத்தம் பார்த்தீங்க, அதுல ஒருத்தர் முகமாச்சும் இன்னிக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இல்ல, விரல் தானா தள்ளிவிட்டுட்டுப் போயிடுது.

அந்தச் செருப்பு விஷயத்தை இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா நீங்க "ஒட்டிவெச்சா"ன்னு எழுதினது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. கொலம்பியாவுல ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, பல பேருக்குப் பிணம்கூட வராது. அந்தம்மா அந்தக் குடும்பங்களோட உட்கார்ந்து பேசி, காணாமப் போனவங்க போட்டிருந்த செருப்பை, பெரும்பாலும் பொம்பளைங்க செருப்பு, வாங்கிட்டு வந்து, நம்ம வீட்டு விளக்கு மாடம் மாதிரி சுவத்தைக் குடைஞ்சு உள்ள வெச்சு, மாட்டோட மூத்திரப்பையை மெல்லிசா விரிச்சு வாயை மூடி, ஆபரேஷனுக்குப் போடற கறுப்பு நூலால சுத்தி சுத்தித் தையல் போட்டிருக்காங்க. புண்ணைத் தைச்ச மாதிரியே இருக்கும். உள்ள இருக்கற செருப்பு மங்கலா, பழுப்பா தெரியும், எவ்வளவு உத்துப் பார்த்தாலும் முழுசா பிடிபடாது. வீட்டுல காத்துக்கிட்டிருக்கற அம்மாவோட நிலைமையும் அதுதானே, செத்துட்டான்னு அழவும் முடியாது, வருவான்னு நம்பவும் முடியாது. இதை எந்த போட்டோவுல எடுப்பீங்க, சொல்லுங்க.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். 2007ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்துல தரையையே 167 மீட்டர் நீளத்துக்குப் பிளந்து வெச்சாங்க, பேரு 'ஷிபோலேத்'. பைபிள்ல நியாயாதிபதிகள் புத்தகத்துல வர்ற வார்த்தை அது. யோர்தான் ஆத்தைக் கடக்க வர்றவனை அதைச் சொல்லச் சொல்லுவாங்க, 'சிபோலேத்'னு சொன்னா எதிரின்னு வெட்டிடுவாங்க, அப்படி விழுந்தவங்க 42,000 பேர்னு எழுதியிருக்கு. ஏதோ பழங்கதைன்னு நினைக்காதீங்க. 1983 ஜூலையில இலங்கையில பஸ்ஸை நிறுத்தி, வாளிக்கான சிங்கள வார்த்தையைச் சொல்லச் சொன்னாங்க. நான் இங்க 'பால்திய'ன்னு எழுதறேன், ஆனா முதல் எழுத்தை 'பாபு'ன்னு சொல்றப்ப வர்ற சத்தத்துல சொல்லணும், அந்தச் சத்தத்துக்கு நம்ம எழுத்துல தனி எழுத்துகூட கிடையாது. நாக்கு வராதவங்களைக் கொன்னாங்க.

உச்சரிப்பு பரீட்சை வைக்கணும்னா மொழி வேணும், எல்லை வேணும், நம்மாளு எவன் வேத்தாளு எவன்னு ஒரு கணக்கு வேணும், இதெல்லாம் நாகரிகம் நமக்குக் கொடுத்ததுதான். நீங்க எழுதின 'காட்டுமிராண்டி'ங்கிற வார்த்தையையும் கொஞ்சம் யோசிங்க, ஐரோப்பாக்காரன் அமெரிக்காவுலயும் ஆப்பிரிக்காவுலயும் கொன்னு குவிச்சப்ப செத்தவங்களுக்கு வெச்ச பேர் அதுதான். அந்தம்மா பிளந்தது கலையை வெச்சுப் போற்றுற மியூசியத்தோட தரை, வேணும்னுதான் அங்க போய்ப் பிளந்தாங்க. கண்காட்சி முடிஞ்சதும் பூசிட்டாங்க, தழும்பு இன்னும் தரையில கிடக்கு.

அந்தம்மா ஆயுதத்தை உருக்கிச் செஞ்ச வேலை பத்தி போன இதழ்ல எழுத இடம் இல்லாமப் போச்சு. கொலம்பியா அரசாங்கத்தோட பல வருஷம் போர் நடத்தின ஃபார்க் கெரில்லாக்கள், 2016 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஒப்படைச்ச ஆயுதத்துல 37 டன்னை உருக்கினாங்க. நினைவுச் சின்னம்னதும் உசரமா ஒரு தூண் நிறுத்துவாங்கன்னு தோணும், அந்தம்மா அதுக்கு ஒத்துக்கல, 2018ல தலைநகர் பொகோட்டாவுல ஒரு கலைக்கூடத்தோட தரைக்குப் பதிக்கற ஓடா வார்த்துட்டாங்க. அச்சுக்கான உலோகத் தகட்டைச் சுத்தியலால அடிச்சு நெளிச்சவங்க யாருன்னா, அந்தப் போர்ல பாலியல் வன்முறைக்கு ஆளான பொம்பளைங்க. அவங்க அடிச்ச அடி ஒவ்வொண்ணும் தரையில மேடும் பள்ளமுமா பதிஞ்சிருக்கு, உள்ள வர்ற யாரா இருந்தாலும் அந்தத் துப்பாக்கி மேல கால் வெச்சுத்தான் நடக்கணும்.